ஒரு கிண்ணம் மீக்கு இத்தனை நீள வரிசையா?

சிங்கப்பூர் கிராஃபர்ட் லேனில், அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழே ஒரு காப்பிக் கடை. அங்குள்ள 'ஹில் ஸ்திரீட் தாய் ஹுவா' கடைமுன் சாப்பாட்டு வேளையில் ஒரு மணி நேரத்துக்கு மேலும் மக்கள் காத்து நிற்பதுண்டு. 1932ல் ஹில் ஸ்திரீட்டில் தொடங்கிய கடை இது. மிச்சலின் உணவு வழிகாட்டி 2016ல் முதன்முறையாகச் சிங்கப்பூரில் வெளிவந்தபோது, இக்கடைக்கு ஒரு நட்சத்திரம் கிடைத்தது.

'நட்சத்திரத்தால்தான் இந்தக் கூட்டம்' என்று சொல்பவர்கள் உண்டு. அது பாதி உண்மைதான். வரிசை மெல்ல நகர்வதற்குக் காரணம் சமையல் முறை. பாக் சோர் மீயை அண்டாவில் ஆக்கி வைத்துப் பரிமாற முடியாது. கேட்டவருக்குக் கேட்ட பிறகுதான் வேகவைக்க வேண்டும். மாவில் காரநீர் சேர்த்துச் செய்த மஞ்சள் மீயைக் கொதிநீரில் சில விநாடிகள் ஆட்டி எடுத்து, நீரை நன்றாக உதறிவிட்டு, மிளகாய்ச் சாந்தும் கறுப்புக் காடியும் கலந்த கிண்ணத்தில் கொட்டிப் பிரட்டுகிறார்கள். சற்று அதிகம் வெந்தாலும் குழைந்துவிடும். கொத்திய பன்றி இறைச்சி, ஈரல், பொரித்த காய்ந்த மீன் ஆகியவை அதன்மேல் சேரும். தியோச்சியூ சீனர்களின் கைப்பக்குவம் இது. கொழுப்பின் கனத்தைக் காடியின் புளிப்பு வெட்டிவிடுகிறது. சுவையின் சூட்சுமமே அங்குதான் இருக்கிறது.

முதல்முறை செல்பவர் முன்கூட்டியே சிலவற்றை முடிவு செய்துகொள்வது நல்லது: தட்டை மீயா, மெல்லிய மீயா, உலர்ந்ததா, சூப்புடனா, மிளகாய் வேண்டுமா வேண்டாமா? வந்தவுடன் கிளறிச் சாப்பிட்டுவிட வேண்டும். படம் எடுத்து முடிப்பதற்குள் மீ ஒட்டிக்கொள்ளும்!

பன்றி இறைச்சி உண்ணாதவர்களுக்கு இக்கடை ஏற்றதல்ல. ஆனால் அதே சீன மஞ்சள் மீயைத்தான் இங்குள்ள இந்திய முஸ்லிம் கடைக்காரர்கள் தக்காளிச் சாஸ், மிளகாய் சேர்த்துப் பிரட்டி, செக்கச்செவேல் என்ற மீ கோரிங்காக மாற்றினார்கள். தமிழகத்திலிருந்து வருபவர்கள் அதை இந்திய உணவு என்று கேட்டுத் திகைப்பதுண்டு.

விவாதத்துக்குரியது விலைதான். 2016ல் சைனாடவுனில் சோயா சாஸ் கோழி விற்ற ஓர் அங்காடிக் கடைக்கும் நட்சத்திரம் கிடைத்தது. 2021ல் அதை இழந்தது. ஏறத்தாழ 2 வெள்ளிக்கு நட்சத்திர உணவா என்று உலகம் வியந்தது. வியப்பில் தவறில்லை. ஆனால் அந்த 2 வெள்ளிக்குள் இறைச்சி, எரிவாயு, வாடகை, உதவியாளர் சம்பளம், நாள் முழுதும் அடுப்படியில் நிற்கும் கால்வலி எல்லாம் அடங்க வேண்டும். குளிரூட்டிய உணவகத்தில் இத்தாலிய பாஸ்தாவுக்குப் பல மடங்கு பணத்தை முணுமுணுக்காமல் கொடுப்பவர்களே, அங்காடியில் மீ விலை 50 காசு கூடினால் கோபப்படுகிறார்கள். இது நியாயமா?

2020 டிசம்பரில் சிங்கப்பூரின் அங்காடிக் கலாசாரத்தை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. ஆனால் அங்காடிக்காரர்களில் பலர் அறுபதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள். விடியுமுன் எழ வேண்டிய இந்தத் தொழிலுக்குப் பிள்ளைகள் வரத் தயங்குகிறார்கள்; பெற்றோரும் வற்புறுத்துவதில்லை. தேசிய சுற்றுப்புற வாரியம் புதியவர்களுக்குப் பயிற்சியும், தொடக்க மாதங்களில் குறைந்த வாடகையில் கடையும் தருகிறது. அந்தச் சலுகைக் காலம் முடிந்த பிறகு கடை நிலைக்குமா என்பது, ஒரு கிண்ணம் மீக்கு வாடிக்கையாளர் எவ்வளவு கொடுக்கச் சம்மதிக்கிறார் என்பதைப் பொறுத்திருக்கிறது.