மங்கலாக எழுதியவர் யார்?

2019 மார்ச் 25 அன்று ஜெய்ப்பூரில் ஜோஸ் பட்லரை அஸ்வின் ரன் அவுட் செய்தது சரியா என்ற வாதம், செஞ்சிக் கோட்டையடியில் ஆடும் இளைஞரிடமும் இன்னும் ஓய்ந்தபாடில்லை. பந்துவீச்சாளர் பந்தை விடுவார் என இயல்பாக எதிர்பார்க்கப்படும் கணம் வரை, கிரீஸைத் தாண்டும் மறுமுனை ஆட்டக்காரரை வெளியேற்றலாம் என்றது அன்றைய விதி. யாருடைய எதிர்பார்ப்பு, எந்தக் கணம்? விதியில் விடையில்லை. அஸ்வின் சற்றே நின்றார். நடுவர் அவுட் கொடுத்தார். விதிகளை வகுக்கும் எம்.சி.சி.யோ முதலில் விதிமீறல் இல்லை என்றது. பின்னர், ஆட்டத்தின் உணர்வுக்கு ஏற்றதன்று என்றது.

பொருளியலில் இதனை முழுமையற்ற ஒப்பந்தம் என்போம். வரக்கூடிய நிலைமைகள் அனைத்தையும் எந்த ஆவணமும் எழுதித் தீர்ப்பதில்லை. மேசையைச் சுற்றி அமர்ந்து ஆடும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2024 கையேடு, விதிகளை நல்லெண்ணத்தோடு பொருள்கொள்ளுமாறு ஆட்டக்காரரையே வேண்டுகிறது. காப்பீட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் செல்வது மறுதிசை: வாசகம் ஐயத்துக்கு இடமளித்தால், எழுதிய நிறுவனத்துக்கு எதிராகவே பொருள்கொள்ளப்படும். எனக்கு இதுவே நியாயமாகப் படுகிறது. மங்கலாக எழுதியவரை விட்டுவிட்டுப் படித்தவரைப் பழிப்பானேன்?

எம்.சி.சி.யும் மெல்ல அங்குதான் வந்து சேர்ந்தது. 2022 அக்டோபரில் இவ்விதி, முறையற்ற ஆட்டம் என்ற பிரிவிலிருந்து ரன் அவுட் பிரிவுக்கு மாறியது. பந்துவீசும் கை உச்சத்தை எட்டும் கணமே எல்லை என்பது, 2023 ஜனவரியில்தான் எழுத்தில் ஏறியது.