போஸ்டரில் இல்லாத சிநேகிதிகள்

திருத்தணி பஸ் நிலையத்தில் இறங்கி மலையடிவாரத்துக்கு நடந்தால் வழிச்சுவர்களில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர்களைப் பார்க்கலாம். இறந்தவர் ஆண் என்றால் வீட்டார் போஸ்டருக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். ஆட்டோ ஸ்டாண்டு நண்பர்கள், பள்ளித் தோழர்கள், வியாபாரிகள் என்று யாராவது போட்டிருப்பார்கள். இறந்தவர் பெண் என்றால் பெரும்பாலும் ஒரே போஸ்டர்தான். மகன்கள், மருமகள்கள், பேரன் பேத்திகள், கடைசியில் பொதுவாக உறவினர்கள். நாற்பது வருடம் ஒரே சுவரின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வாழ்ந்த சிநேகிதிக்கு அதில் இடம் கிடையாது.

எங்கள் தெருவில் எல்லோரும் பெத்தம்மா என்று கூப்பிட்டவர் போன ஐப்பசியில் இறந்துபோனார். மூன்று பிள்ளைகளுக்குத் தாய். என் அம்மாவுக்கு உயிர்ச் சிநேகிதி. எங்களுக்கெல்லாம் பக்கத்து வீடு. வீட்டில் பேசியது தெலுங்கு, தெருவில் பேசியது தமிழ். கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். உகாதிப் பச்சடி அந்தப் பக்கத்திலிருந்து சுவர் தாண்டி வரும். சித்திரைப் பிறப்பன்று அதே கிண்ணம் எங்கள் மாங்காய்ப் பச்சடியோடு திரும்பிப் போகும்.

ஊரின் வரலாறே அவர் வயதுக்குள் அடக்கம். அவர் பள்ளியில் சேர்ந்தபோது திருத்தணி ஆந்திரத்தில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, படாஸ்கர் தீர்ப்பின்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அப்புறம் செங்கல்பட்டு மாவட்டம். 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். பெத்தம்மா ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. எல்லைச் சண்டை உச்சத்தில் இருந்த நாட்களிலும் தண்ணீர்க் குழாயடியில் யாரும் யாரோடும் பேசாமல் இருந்ததில்லை என்பார்.

அவர் விடியற்காலையில் போனார். பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருந்தார்கள். அவர்கள் வந்து சேரும்வரை எல்லாம் என் அம்மாதான். கண்ணை மூடிவிட்டார். துணியைக் கிழித்து வாய்க்கட்டு கட்டினார். கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்து முடிந்தார். தலைமாட்டில் படியில் அரிசி நிரப்பி விளக்கேற்றினார். நெற்றியில் விபூதி வைத்து, கலைந்திருந்த தலைமுடியைத் தண்ணீர் தொட்டுக் கோதிவிட்டார். அம்மா அழவில்லை. “அவ தலைய வாராம யார் முன்னாடியும் வந்து நிக்கமாட்டாடா” என்று மட்டும் சொன்னார்.

உறவுக்காரர்கள் வர வர அம்மா ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தார். பிறந்த வீட்டிலிருந்து கோடி வந்தது. பங்காளி வீட்டுப் பெண்கள் எண்ணெய், சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டினார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடித்தார்கள். மூத்தவர் கொள்ளிச்சட்டி எடுத்தார். உறவில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு முறை. யாரையும் குறை சொல்வதற்கில்லை. துக்கத்தில் கை சும்மா இருக்கக்கூடாது என்று தெரிந்துதான் பெரியவர்கள் இதையெல்லாம் வகுத்திருக்கிறார்கள். என் அம்மாவின் கைக்கு மட்டும் எதுவும் கொடுக்கவில்லை. எடுத்தபோது பெண்கள் எல்லோரும் தெருமுனைவரை போய் நின்றார்கள். அம்மா அங்கும் போகவில்லை. குடத்தில் தண்ணீர் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். பிணம் கிடந்த கூடத்தைக் கழுவிவிட்டு, சுடுகாட்டிலிருந்து திரும்புகிறவர்களுக்கு வாசலில் தண்ணீர் எடுத்து வைத்தார். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் அன்று ராத்திரி முப்பது பேருக்கு எங்கள் வீட்டில் உலை கொதித்தது. எத்தனையோ வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. எந்தச் சடங்கின் பட்டியலிலும் இதற்கு இடம் இல்லை.

முன்பெல்லாம் ஒப்பாரி இருந்தது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளில் ஒருவர் கைபோட்டு, ஆடி ஆடிப் பாடுவார்கள். அந்த வட்டத்தில் உட்கார உறவு தேவையில்லை, இறந்தவரைத் தெரிந்திருந்தால் போதும். என்ன பட்டாள், யாருக்குக் கொடுத்தாள், யார் அவளை ஏமாற்றினார்கள் என்பதெல்லாம் ராகத்தோடு வெளியே வரும். மாமியார் முன்னால் வாய் திறக்காத பெண்கூட அன்றைக்குச் சொல்லிவிடுவாள். எங்கள் பக்கத்தில் ஒருத்தி தமிழில் தொடங்க இன்னொருத்தி தெலுங்கில் முடிப்பாள். இப்போது ஃப்ரீசர் பாக்ஸ் வந்துவிட்டது, ஸ்பீக்கரில் பதிவு செய்த பாட்டு ஓடுகிறது, வந்தவர்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். ஒப்பாரி போனதில் மகனுக்கும் மகளுக்கும் பெரிய நஷ்டமில்லை, அவர்களுக்குச் சடங்கு இருக்கிறது. சிநேகிதிக்கு இருந்த ஒரே இடம் அதுதான்.

நம் இலக்கியத்திலும் தேடிப் பார்த்தேன். தாய்க்கு அழப் பட்டினத்தார் இருக்கிறார். துறவியான பிறகும் தாயின் சிதைக்குத் திரும்பி வந்தவர் என்பது மரபு. நண்பனுக்கு அழக் கபிலர் இருக்கிறார். கோப்பெருஞ்சோழனை நேரில் கண்டிராத பிசிராந்தையார், அவன் வடக்கிருந்தபோது தேடி வந்து தானும் வடக்கிருந்தார். புறநானூற்றில் இறந்தவருக்காகக் கலங்கிப் பாடும் கையறுநிலை என்று ஒரு துறையே இருக்கிறது. பெண்ணுக்குப் பெண்? அகப்பாடல்களில் திரும்பிய பக்கமெல்லாம் தோழி. தலைவிக்காகத் தூது போகிறாள், பொய் சொல்கிறாள், சண்டை போடுகிறாள். அந்த இருவரும் நரை கூடிய பிறகு என்ன ஆனார்கள்? ஒருத்தி போனபின் மற்றவள் என்ன செய்தாள்? இத்தனைக்கும் எங்கள் பக்கத்துத் திருவாலங்காட்டில்தான் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். தாயே இல்லாத சிவன் அவரை அம்மையே என்று அழைத்தான் என்கிறது பெரியபுராணம். எங்கள் தெரு பெத்தம்மாவை அழைத்ததுபோல, பெற்றவள் அல்லாதவளை அம்மா என்று அழைப்பதும் அந்த அழைப்புக்கு உரியவளாக வாழ்வதும் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல.

பதினாறாம் நாள் காரியத்தில் படையல் போட்டார்கள். தலைவாழை இலையில் வடை, பாயசம், அதிரசம், ஐந்து வகைக் காய். மருமகள் நல்ல பெண், விடியற்காலையிலிருந்து சமைத்திருந்தாள். அம்மா வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, “பாயசத்தை அவ தொடமாட்டாளேம்மா” என்றார். சர்க்கரை வந்த நாளிலிருந்து தொடவில்லை. அதற்கு முன்பும் பிள்ளைகளுக்காக வைப்பாரே தவிர அவருக்கு இனிப்பு பிடித்ததில்லை. அவருக்குப் பிடித்தது முதல்நாள் சோற்றில் மோர் ஊற்றி, புளிச்சக்கீரைக் கடைசலும் சுட்ட வரமிளகாயும். எல்லோரும் சாப்பிட்டு எழுந்த பிறகு, பின்வாசல் திண்ணையில் உட்கார்ந்து அதைத்தான் சாப்பிடுவார். என் அம்மா சுவருக்கு இந்தப் பக்கம் இருப்பார். பிள்ளைகள் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தாயாக அவர் எப்படி இருந்தார் என்று அவர்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் சோறு போட்டு முடித்த பிறகு எப்படி இருந்தார் என்பது அம்மாவுக்குத்தான் தெரியும். மருமகள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் மோர்ச்சோறு கொண்டுவந்து இலையில் வைத்தாள். கடைசல் எங்கள் வீட்டிலிருந்து போனது.

தாயோ தந்தையோ இறந்தால் ஒரு வருடம் மலைக்கோயில் ஏறுவதில்லை என்பது பல குடும்பங்களில் வழக்கம். வேறு ஊர்களில் இது அவ்வளவாகத் தெரியாது. திருத்தணியில் மலையை அண்ணாந்து பார்த்தபடிதான் ஒவ்வொரு நாளும் போகிறது. பெத்தம்மா ஆண்டுதோறும் டிசம்பர் 31 திருப்படித் திருவிழாவுக்குப் போகிறவர். புத்தாண்டன்று வெள்ளைக்காரத் துரைகளைப் பார்க்க மாலையோடு போனவர்களைத் தணிகை முருகனிடம் திருப்பியவர் வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்பார்கள். நாளுக்கு ஒன்றாக 365 படிகள். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் இட்டு, கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடிக்கொண்டு பஜனைக் குழுக்கள் ஏறும். முட்டிவலி வந்த பிறகும் பெத்தம்மா நிறுத்தவில்லை.

“பசங்க போகக்கூடாது. எனக்கென்ன தீட்டா ஒண்ணா? நான் போறேன்” என்று அம்மா கிளம்பிவிட்டார். துக்கத்தில் உரிமை கொடுக்காத அதே முறைதான் மலையேறும் உரிமையை அவருக்கு மிச்சம் வைத்திருந்தது. பெத்தம்மாவின் பித்தளைக் குங்குமச் சிமிழை மருமகளிடம் கேட்டு வாங்கிக்கொண்டார். தெருவில் இன்னும் நான்கு பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். நான் பின்னால் போனேன். ஒவ்வொரு படியிலும் குனிந்து நிமிர்ந்து, பாதி வழியில் மூச்சு வாங்கி உட்கார்ந்து, நள்ளிரவு நெருங்கும்போது மேலே போய்ச் சேர்ந்தோம். பெத்தம்மா வழக்கமாக யார் யார் பேருக்கு அர்ச்சனை செய்வாரோ அத்தனை பேருக்கும் செய்யவேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. அர்ச்சகர் பெயர், நட்சத்திரம் கேட்டார். பேரப்பிள்ளைகள் வரை தடங்கல் இல்லாமல் சொல்லிவந்த அம்மா, மூத்தவர் பெயரில் ஒரு நிமிஷம் தயங்கினார். நான் பெங்களூருக்குப் போன் போட்டேன். அவருக்குத் தன் நட்சத்திரம் தெரியவில்லை. “அம்மாதான் சொல்லுவாங்க” என்றார். அதற்குள் அம்மாவுக்கு ஞாபகம் வந்துவிட்டது. ரோகிணி.