கண்ணின் படத்தைப் படிக்கும் கணிப்பொறி



சர்க்கரை வியாதியால் பார்வை கெடும்போது வலி தெரிவதில்லை. கண்ணின் பின்புறமுள்ள விழித்திரையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் பழுதடைகின்றன. முதலில் ஊசிமுனை போன்ற சிவப்புப் புள்ளிகள் தோன்றும். பின்பு இரத்தக் கசிவும் மஞ்சள் நிறப் படிவுகளும் உண்டாகும். அந்நாட்களில் பார்வை நன்றாகவே இருப்பதால், "எனக்கு ஒன்றுமில்லை" என்று பலர் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பார்வை மங்கிய பின் வந்தால், இழந்ததை மீட்பது பலருக்கு இயலாமற் போகிறது. முன்னரே கண்டுபிடித்தால், லேசர் சிகிச்சையாலும் கண்ணில் போடும் ஊசியாலும் பெரும்பாலும் பார்வையைக் காக்கலாம்.

ஆகவே சர்க்கரை உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் விழித்திரையைப் பரிசோதிப்பது நல்லது. ஆனால் அத்தனை பேரையும் பார்க்கக் கண் மருத்துவர்கள் போதாது. இங்கேதான் கணிப்பொறி துணைக்கு வருகிறது.

கணிப்பொறி படத்தை எப்படிப் பார்க்கிறது? அதற்குப் படம் என்பது எண்களின் கூட்டமே. படத்தைச் சிறுசிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்பதைப் பொதுவாக 0 முதல் 255 வரையுள்ள எண்ணால் குறிக்கிறது. முற்காலத்தில் ஆய்வாளர்கள், "புள்ளி இப்படி இருக்கும், படிவு இப்படி இருக்கும்" என்று விதிகளை எழுதிக் கொடுத்தார்கள். இப்போதைய முறை வேறு. மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்த ஏராளமான படங்களைக் கொடுக்க, கணிப்பொறி தானே வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறது.

2016-இல் கூகுள் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. 1,28,175 படங்களை 54 மருத்துவர்கள் பார்த்துத் தரம் பிரித்தார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் சென்னை சங்கர நேத்ராலயாவும் இந்த ஆய்வில் பங்கு பெற்றன. சோதனையில், நோயுள்ள 100 படங்களில் ஏறக்குறைய 96 அல்லது 97-ஐ அது சரியாகக் கண்டுகொண்டது. 2018 ஏப்ரலில், மருத்துவர் படத்தைப் பார்க்காமலேயே முடிவு சொல்லும் ஐடிஎக்ஸ்-டிஆர் என்னும் கருவிக்கு அமெரிக்க அரசு அனுமதி அளித்தது.

ஆனாலும் ஆய்வுக்கூடம் வேறு, மக்கள் வரும் மருத்துவமனை வேறு. தாய்லாந்தில் 11 சிறு மருத்துவமனைகளில் கூகுளின் முறையைப் பயன்படுத்தியபோது, 1,838 படங்களில் 21 சதவீதத்தைக் கணிப்பொறி ஏற்க மறுத்தது. பல இடங்களில் அறையைப் போதிய அளவு இருட்டாக்க முடியவில்லை. படம் தெளிவாக விழவில்லை. அதனால் சிலர் இன்னொரு நாள் கூலியை விட்டு, தொலைவிலுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டியதாயிற்று. 2020-இல் வெளியான இந்த ஆய்வு நமக்கு ஒரு பாடம். கருவி மாத்திரம் போதாது. இருட்டறையும், பயிற்சி பெற்ற செவிலியரும், பொறுமையான சொல்லும் வேண்டும். நோய் உண்டு என்று தெரிந்தபின் சிகிச்சைக்கு வழியும் வேண்டும். வழியில்லாதவருக்குக் கணிப்பொறியின் பதில் கவலையை மாத்திரமே கொடுக்கும்.

உங்களிடம் ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் வீட்டில் அல்லது ஆலயத்தில் சர்க்கரை வியாதி உள்ள ஒருவரிடம், "இந்த ஆண்டு கண்ணைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள்.