காலி வீட்டில் குடியிருக்கும் புகை

நாம் வாழும் வீடு – 11

கொசுவர்த்தியைப் பற்றிப் போன வாரம் எழுதியதற்கு வந்த கடிதங்களில் பாதி, கொசுவை விட்டுவிட்டு சிகரெட்டுக்குத் தாவிவிட்டன. திருப்பூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "வீட்டுக்காரர் வீட்டுக்குள் பிடிப்பதே இல்லை. பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டுதான் பிடிக்கிறார். ஆனால் எட்டு மாதக் குழந்தையைத் தூக்கும்போது சட்டையில் வாடை அடிக்கிறது. கேட்டால், 'புகைதான் வெளியே போய்விட்டதே, வாடை என்ன செய்யும்?' என்கிறார். வாடை ஏதாவது செய்யுமா?"

செய்யும் என்பதற்கான முதல் கணக்குகளில் ஒன்று 2004இல் வந்தது. அமெரிக்காவின் சான்டியாகோ மாநிலப் பல்கலைக்கழகத்து உளவியல் பேராசிரியர் கியோர்க் மாட் தன் குழுவோடு கைக்குழந்தை உள்ள வீடுகளுக்குப் போனார். யாருமே புகைக்காத வீடு, வெளியே போய்ப் புகைக்கும் வீடு, உள்ளேயே புகைக்கும் வீடு என்று மூன்று வகை. காற்று, தூசி, மேசை நாற்காலியின் மேல்பரப்பு, குழந்தையின் சிறுநீர் எல்லாவற்றையும் சோதித்தார்கள். உள்ளே புகைக்கும் வீட்டின் நிலை எதிர்பார்த்ததுதான். ஆச்சரியம் நடு வகையில் இருந்தது. குழந்தைக்காக வெளியே போய்ப் புகைத்துவிட்டு வந்தவர்களின் வீடுகளில், புகையே இல்லாத வீடுகளைவிட 5 முதல் 7 மடங்கு அதிக மாசு. குழந்தையின் உடம்பில் சேர்ந்ததும் அதே அளவுக்குக் கூடுதல். பால்கனிக்குப் போவதால் பயனே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. உள்ளே பிடித்தால் அதைவிடவும் பல மடங்கு ஏறும். ஆனால் பால்கனிக் கதவு நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிய தடுப்பு இல்லை.

காரணம் எளிது. சிகரெட்டோ பீடியோ, அதிலிருந்து வரும் நிகோடின் காற்றிலேயே மிதந்துகொண்டிருக்காது. சுவர், திரைச்சீலை, மெத்தை, தலைமுடி, விரல் என்று எது கிடைக்கிறதோ அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மீண்டும் காற்றில் கலக்கும். தூசியோடு தரையில் கிடக்கும். கருவாடு வறுத்த வீட்டில் மறுநாளும் வாடை நிற்கிறதல்லவா, அதுபோல; ஆனால் இது ஒரு நாளில் போகிற விருந்தாளி அல்ல. தவழும் குழந்தைக்கோ தரைதான் உலகம். கையை வைக்கிறது, அதே கையை வாயில் வைக்கிறது, அப்பாவின் சட்டைக் காலரைச் சப்புகிறது.

புகை நின்ற பிறகு மிச்சமிருக்கும் இந்தப் படிவைத்தான் மூன்றாம் நிலைப் புகை என்கிறார்கள். புகைப்பவர் இழுப்பது முதல் நிலை, பக்கத்தில் இருப்பவர் சுவாசிப்பது இரண்டாம் நிலை.

படிந்தது படிந்தபடியே கிடந்தாலாவது பரவாயில்லை. கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தினர் 2010இல் வெளியிட்ட ஆய்வு வயிற்றைக் கலக்குகிறது. வீட்டுக் காற்றில் நைட்ரஸ் அமிலம் சிறிதளவு எப்போதும் இருக்கும். எரிவாயு அடுப்பும் வாகனப் புகையும் அதன் முக்கிய ஊற்றுகள். புகை படிந்த பரப்பை இந்த அமில வாயுவில் 3 மணி நேரம் வைத்துப் பார்த்தார்கள். புகையிலைக்கே உரிய நைட்ரோசமைன்கள் என்ற புற்றுநோய் வேதிப்பொருள்கள் அதில் 10 மடங்குக்கு மேல் கூடியிருந்தன. அவற்றில் முதன்மையானது புதிதாக ஊதிய புகையில் இல்லவே இல்லாத ஒன்று. அதாவது, சிகரெட் அணைந்த பிறகு சுவரில் உருவானது. புகைப்பவர் ஒருவரின் வண்டிக்குள்ளும் இதே பொருள்களைக் கண்டார்கள். கேஸ் அடுப்பு எரியும் சமையலறை, ஜன்னலைத் திறந்தால் பேருந்துச் சாலை: நம் நகரத்து வீடுகளுக்கு இந்தச் செய்தி அமெரிக்கச் செய்தி அல்ல.

மாட் குழு தன் 2004 ஆய்வோடு விடவில்லை. புகைப்பவர் காலி செய்த வீட்டில் புகைக்காதவர் குடிவந்தால் என்ன ஆகும் என்று பார்த்து 2011இல் எழுதினார்கள். அந்த வீடுகள் சுத்தம் செய்யப்பட்டவை. இரண்டு மாத அளவுக்குப் பூட்டிக் கிடந்தவை. அப்படியும் தூசியிலும் பரப்புகளிலும் நிகோடின் இருந்தது. புதிதாக வந்தவர்களின் விரல் நுனியில் இருந்தது. உடம்புக்குள் நிகோடின் போனதற்குச் சாட்சியான கோட்டினின் அவர்களின் சிறுநீரிலும் கூடியிருந்தது. முகம் தெரியாத ஒருவர் பிடித்துவிட்டுப் போன சிகரெட்டுக்கு இவர்கள் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

புகை சுவரில் மட்டும் தங்குவதில்லை, ஆளோடும் நடந்து வருகிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில், புகைக்கத் தடையுள்ள ஒரு திரையரங்கின் காற்றை அளந்து 2020இல் வெளியிட்டார்கள். ரசிகர்கள் உள்ளே நுழைந்ததும் புகையிலைப் பொருள்களின் அளவு சட்டென்று ஏறியது. பெரியவர்களுக்கான இரவுக் காட்சிகளில் இன்னும் அதிகம். சில பொருள்களைப் பொறுத்தவரை, ஒரு மணி நேரத்தில் 1 முதல் 10 சிகரெட்டின் புகைக்குப் பக்கத்தில் இருந்ததற்குச் சமம். உள்ளே ஒருவர்கூடப் பற்றவைக்கவில்லை. சட்டையும் உடம்பும் கொண்டுவந்த சரக்கு அது.

இங்கே ஒரு நிதானம் வேண்டும். ஆய்வகத்தில் இந்தப் படிவு மனித செல்களின் டி.என்.ஏ.வைச் சேதப்படுத்துகிறது, எலிகளின் கல்லீரலையும் நுரையீரலையும் பாதிக்கிறது, காயம் ஆறுவதைத் தாமதிக்கிறது. ஆனால் படிவால் மட்டும் இத்தனை பேருக்கு இன்ன நோய் என்று பிரித்துச் சொல்வது கடினம். புகைப்பவர் வீட்டில் படிவோடு புகையும் சேர்ந்தேதான் இருக்கிறது. ஆகவே வாட்ஸ்அப்பில் வருவதுபோல் 'சட்டையைத் தொட்டால் புற்றுநோய்' என்று அலற வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுத் தாத்தா குழந்தையை ஒருமுறை கொஞ்சியதற்காக அவரோடு சண்டைக்கும் போக வேண்டாம். அன்றாடம், ஆண்டுக்கணக்கில் சேர்வதுதான் கவலை.

பொது இடத்தில் புகைப்பதற்கு 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுக்கத் தடை இருக்கிறது. வீடு அதில் வராது. 2016-17ல் நடந்த தேசியப் புகையிலைக் கணக்கெடுப்பில், வீட்டில் அடுத்தவர் புகையைச் சுவாசிப்பதாகச் சொன்ன பெரியவர்கள் 38.7 சதவீதம். சட்டம் எட்டாத இடத்தில் வீட்டுப் பெண்கள்தான் காவல் நிற்க வேண்டியிருக்கிறது. திருப்பூர் வாசகியைப் போல, பெரும்பாலும் கெஞ்சிக்கொண்டு.

அவருக்கு என் பதில்: வீட்டுக்காரர் விடுவதுதான் முழுத் தீர்வு, அதற்கு உதவ மருத்துவர்கள் இருக்கிறார்கள். அதுவரை, பிடித்துவிட்டு வந்தால் சட்டையை மாற்றி, சோப்புப் போட்டுக் கை, முகம் கழுவிய பிறகே குழந்தையைத் தூக்கட்டும். தரையைத் துடைப்பத்தால் பெருக்கித் தூசியைக் கிளப்புவதைவிட ஈரத்துணியால் துடைப்பது மேல். ஊதுவத்தியும் ரூம் ஸ்பிரேயும் வாடையை மறைக்கும், படிவைத் தொடாது. ஃபேனும் ஏ.சி.யும் அப்படியே.

குடிபோகிற வீட்டில் முன்பு யாரேனும் புகைத்திருந்தால், சுவரை வெந்நீரும் சோப்பும் கொண்டு கழுவிவிட்டுப் பிறகு பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். அழுக்கின் மேலேயே அடித்தால் பெயின்ட்டுக்கு உள்ளிருந்தும் கசியும். பழைய திரைச்சீலை, மெத்தை, சோபாவை 'அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்' என்று ஓனர் தாராளம் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். கறி சமைப்பீர்களா, என்ன ஆட்கள் என்று நம்மைக் குடைந்தெடுக்கும் ஓனரிடம், இதற்கு முன்பு இருந்தவர் வீட்டுக்குள் சிகரெட் பிடிப்பாரா என்று நாமும் ஒரு கேள்வி கேட்கலாம். அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டும்.

(தொடரும்)