குடல் சோதனைக்கு முன் எனிமா: எது ஏற்றது?

மலத்துடன் இரத்தம் கலந்து வந்தால், மூலம் என்று நாமே முடிவு செய்து கைவைத்தியத்தோடு நின்றுவிடுகிறோம். மருத்துவர் குழாய் செலுத்திக் கீழ்க்குடலைப் பார்க்கவேண்டும் என்றாலோ, நோயைவிட வெட்கமே நம்மை அதிகம் வாட்டுகிறது. 'எனிமா' என்றதும் முகம் சுளிக்கிறோம். ஆனால், மூலம் என்று நாம் எண்ணிய இரத்தக்கசிவு, சில வேளைகளில் புற்றுநோயின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். எனவே இதைக் குறித்து மனந்திறந்து பேசுவது நலம்.

இச்சோதனைக்குப் பயன்படும் சிக்மாய்டோஸ்கோப், ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் நீளமுள்ள வளையும் குழாய். மலக்குடலையும் பெருங்குடலின் இறுதிப் பகுதியையும் மட்டுமே அது காட்டும். ஆதலால் பெருங்குடல் முழுவதையும் கழுவும் பேதிமருந்து பெரும்பாலும் தேவைப்படுவதில்லை, எனிமாவே போதும். மலம் எஞ்சி நின்றால் சிறு கட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடும். சோதனையை மீண்டும் செய்ய நேரிடும்.

எனிமாக்களில் பழைமையானது சோப்புத் தண்ணீர். சோப்பு குடலின் உட்சவ்வை உறுத்தி மலத்தை வெளியேற்றுகிறது. ஆனால் அதே உறுத்தலால் சவ்வு சிவந்து வீங்கலாம். சோதிப்பவர் அதனை நோய் என்று மயங்கவும் இடமுண்டு. ஆகவே இதனைத் தவிர்ப்பதே நன்று. வெறும் தண்ணீர் உறுத்துவதில்லை; எனினும் மிகுதியாகவோ மீண்டும் மீண்டுமோ செலுத்தினால், குடல் அதை உறிஞ்சி, இரத்தத்திலுள்ள உப்பின் அளவு குறைந்துவிடும். லிட்டருக்கு 9 கிராம் உப்புக் கலந்த நீர் உடலின் உப்புத்தன்மைக்கு ஒத்தது, மென்மையானது.

இன்று பெரிதும் வழங்குவது, மருந்துக் கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கும் பாஸ்பேட் எனிமா. 100 முதல் 130 மில்லிலிட்டரே கொண்ட சிறு புட்டி. அதிலுள்ள உப்பு, உடலின் நீரைக் குடலுக்குள் இழுத்துச் சில நிமிடங்களில் வேலை செய்கிறது. பெரும்பாலோர்க்கு இதுவே எளிது. ஆனால் சிறுநீரக நோயாளர்க்கும், தளர்ந்த முதியோர்க்கும், சிறு குழந்தைகளுக்கும் இது ஆபத்தாக முடியலாம். பாஸ்பேட் உடலில் தங்கி, சுண்ணாம்புச் சத்தைக் குறைத்து, இதயத்தைத் தாக்கக்கூடும். முதல் புட்டி பலன் தரவில்லை என்று, மருத்துவரைக் கேளாமல் மற்றொன்றைச் செலுத்துவதும் தவறு. ஆகையால் சிறுநீரகக் கோளாறு, இதயநோய், உட்கொள்ளும் மாத்திரைகள் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுவோமாக.

எனிமாவைச் சோதனைக்கு ஓரிரு மணி நேரத்துக்கு முன் கொடுப்பது வழக்கம். இடப்புறம் சாய்ந்து, முழங்கால்களை மடக்கிப் படுத்தால் நீர் எளிதில் செல்லும். வலி மிகுந்தால் உடனே நிறுத்தவேண்டும்.

நோயாளரைத் தம் கைகளாலேயே கழுவிப் பேணியவர் புனித கமில்லுஸ் (1550-1614). திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் 1886-இல் அவரை நோயாளருக்கும் மருத்துவமனைகளுக்கும் பாதுகாவலராக அறிவித்தார். நம் இல்லத்து முதியவர் இச்சோதனைக்குச் செல்ல நாணி நிற்கும்போது, அருகிருந்து உதவுவதும் அத்தகைய அன்புப் பணியே அன்றோ? உடல் இறைவன் தந்த கொடை. அதைப் பேணுவதில் வெட்கத்துக்கு இடமில்லை.