கிளட்ச் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாம்

தக்காளி, கத்தரி, கீரை போன்றவை பறித்த அன்றே சந்தைக்குப் போய்ச் சேர வேண்டியவை. இதற்காகவே பல சிறு விவசாயிகள் தனியாகவோ, இருவர் மூவர் கூட்டாகவோ பழைய ஜீப், பிக்கப் வண்டி அல்லது கார் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். விடியற்காலையில் ஒட்டன்சத்திரம் சந்தைக்குச் சரக்கேற்றிப் புறப்பட்ட வண்டி, பாதி வழியில் கியர் விழாமல் நின்றுவிட்டால் அன்றைய விலை போய்விடும். இறங்குமுகமான மலைப்பாதையில் அப்படி நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இப்படிப்பட்ட கோளாறுகளில் பல, கிளட்சுக்கு உரிய ஆயிலை உரிய காலத்தில் மாற்றாததால் வருபவை. இதற்குத் தேவை அரை லிட்டர் ஆயில், ஒரு ஸ்பானர், ஒரு ரப்பர் குழாய், இரண்டு ஆட்கள், ஒரு மணி நேரம். பொறுமையாகச் செய்தால் வீட்டு வாசலிலேயே முடிக்கலாம்.

இயங்கும் விதம்

கிளட்ச் இருவகைப்படும். கம்பி இழுத்து இயங்குவது ஒன்று. இதில் ஆயில் கிடையாது. மற்றது ஆயில் அழுத்தத்தால் இயங்குவது. பெடலை மிதித்தால் மேலே உள்ள மாஸ்டர் சிலிண்டர் ஆயிலைக் குழாய் வழியே தள்ளுகிறது. கியர்பாக்ஸ் அருகில் உள்ள கீழ் சிலிண்டர் அந்த அழுத்தத்தைப் பெற்றுக் கிளட்சை விடுவிக்கிறது. திரவத்தை அமுக்க முடியாது என்பதால் காலின் விசை அப்படியே போய்ச் சேர்கிறது. காற்றோ அமுங்கும். பம்புசெட்டின் உறிஞ்சு குழாயில் காற்றுப் புகுந்தால் மோட்டார் ஓடியும் தண்ணீர் வராதது போல, கிளட்ச் குழாயில் காற்றுப் புகுந்தால் பெடல் மிதிபட்டும் கிளட்ச் விடாது.

ஆயில் ஏன் கெடுகிறது?

பெரும்பாலான வண்டிகளில் கிளட்சுக்கும் பிரேக் ஆயிலே ஊற்றப்படுகிறது. இது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. வாய் திறந்த மூட்டையில் யூரியா கட்டி தட்டுவதற்கும் இதுதான் காரணம். ஈரம் சேர்ந்த ஆயில் சிலிண்டரின் உட்புறத்தைத் துருப்பிடிக்கச் செய்யும். துரு ரப்பர் வாஷரைத் தேய்க்கும். தேய்ந்த ரப்பர்த் துகள் கலந்து ஆயில் கறுக்கும். பிறகு ஒழுகத் தொடங்கும்.

கொதிநிலையும் குறைகிறது. டாட் 3 வகை புதிய ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம். டாட் 4 வகையில் இது 230 டிகிரியிலிருந்து 155 டிகிரியாகக் குறையலாம். பிரேக்கும் கிளட்சும் ஒரே டப்பாவிலிருந்து ஆயில் பெறும் வண்டிகளில் இதை அலட்சியம் செய்யவே கூடாது. பொதுவாக 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். வண்டியின் கையேட்டில் வேறு காலம் குறிப்பிட்டிருந்தால் அதையே பின்பற்ற வேண்டும்.

அறிகுறிகள்

பெடல் பஞ்சு போல மெத்தென்று இருப்பது, இருமுறை மிதித்த பிறகே கியர் விழுவது, ரிவர்ஸ் கியர் போடும்போது கரகரவென்று சத்தம் வருவது, மிதித்த பெடல் மேலே வராமல் தங்குவது, ஆயில் தேன் நிறம் மாறிக் கறுத்திருப்பது ஆகியவை முக்கிய அறிகுறிகள்.

எந்த ஆயில்?

ஆயில் டப்பாவின் மூடியிலும் கையேட்டிலும் எந்த வகை என்று எழுதியிருக்கும். அதையே வாங்க வேண்டும். சில வண்டிகளுக்குத் தனிவகைக் கனிம எண்ணெய் உண்டு. அதில் பிரேக் ஆயிலை ஊற்றக் கூடாது. பிரேக் ஆயில் ஊற்றும் வண்டியில் எஞ்சின் ஆயில், கியர் ஆயில், மண்ணெண்ணெய் ஆகியவற்றை ஒரு சொட்டுகூடச் சேர்க்கக் கூடாது. அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலை ஊற்றினால் ரப்பர் வாஷர்கள் ஊதிக் கெட்டு, சிலிண்டர்களையே மாற்ற நேரும். டாட் 5 என்பது சிலிகான் வகை. அதை டாட் 3, டாட் 4 ஆகியவற்றுடன் கலக்கக் கூடாது. சீல் உடைக்காத சிறிய டப்பாவாக வாங்குவதே சரி.

செய்முறை

1. வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பிறகு, கை பிரேக் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, சக்கரங்களுக்குக் கல் முட்டுக் கொடுக்க வேண்டும். வண்டியைத் தூக்க நேர்ந்தால் ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் நுழையக் கூடாது. உறுதியான ஸ்டாண்டு வைக்க வேண்டும்.

2. ஆயில் டப்பாவின் மூடியைச் சுற்றித் துணியால் துடைத்த பிறகே திறக்க வேண்டும். ஒரு மணல் துகள் விழுந்தாலும் வாஷர் கெடும்.

3. பழைய ஆயிலைச் சிரிஞ்சினால் உறிஞ்சி எடுக்கலாம். அடியிலுள்ள துளை தெரியும் வரை எடுக்கக் கூடாது. இந்தச் சிரிஞ்சை மறுபடி மாட்டு வைத்தியத்துக்குப் பயன்படுத்தவே கூடாது. பிறகு புதிய ஆயிலை மேல் கோடு வரை நிரப்ப வேண்டும்.

4. கீழ் சிலிண்டரில் ஏர் எடுக்கும் திருகு இருக்கும். அதன் ரப்பர் மூடியைக் கழற்றி, அளவு சரியான ரிங் ஸ்பானரை மாட்டி, திருகின் முனையில் கண்ணுக்குத் தெரியும் பிளாஸ்டிக் குழாயைச் செருக வேண்டும். குழாயின் மறுமுனை, சிறிது புதிய ஆயில் ஊற்றிய பாட்டிலில் மூழ்கியிருக்க வேண்டும்.

5. ஒருவர் பெடலை மெதுவாக அடிவரை மிதித்து, காலை எடுக்காமல், "மிதிச்சாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். கீழே இருப்பவர் திருகை அரைச் சுற்றுக்கு மிகாமல் தளர்த்த, பழைய ஆயில் பாட்டிலுக்கு வரும். வருவது நின்றதும் திருகை மூடிவிட்டு "விடலாம்" என்று சொல்ல வேண்டும். அதன் பிறகே காலை எடுக்க வேண்டும். பெடல் தானாக வராவிட்டால் கையால் தூக்கிவிடலாம். திருகு திறந்திருக்கும்போது காலை எடுத்தால் காற்று உள்ளே போய்விடும். வேலையில் பெரும்பாலும் நேரும் தவறு இதுவே.

6. நான்கைந்து முறைக்கு ஒருதரம் மேல் டப்பாவைப் பார்த்து ஆயில் ஊற்ற வேண்டும். டப்பா காலியானால் காற்றுப் புகுந்து, முதலிலிருந்து தொடங்க நேரும்.

7. குமிழி நின்று, தெளிந்த புதிய ஆயில் வரும் வரை இதைத் தொடர வேண்டும். பிறகு திருகை அளவாக இறுக்கி, ரப்பர் மூடியைப் போட வேண்டும். மிகையாக இறுக்கினால் திருகு முறியும்.

8. ஆயிலை மேல் கோட்டுக்கு மிகாமல் நிரப்பி மூட வேண்டும். எஞ்சினை ஓடவிட்டு, பெடலை மிதித்து, ரிவர்ஸ் கியர் சத்தமின்றி விழுகிறதா என்று பார்க்க வேண்டும். முதலில் ஊருக்குள் சமதளத்தில் பாரமில்லாமல் ஓட்டிப் பார்த்த பிறகே சரக்கேற்ற வேண்டும்.

எப்போது மெக்கானிக்கிடம் போக வேண்டும்?

கிளட்ச் தட்டு தேய்வதால் தனி டப்பாவில் ஆயில் குறையாது. எனவே மட்டம் இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். பெடலுக்குப் பின்புறம் ஈரம் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரும், கீழே ரப்பர் உறை நனைந்திருந்தால் கீழ் சிலிண்டரும் கெட்டிருக்கலாம். ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டுவது தீர்வாகாது. சில வண்டிகளில் கீழ் சிலிண்டர் கியர்பாக்ஸ் கூட்டுக்குள்ளேயே இருக்கும். அது ஒழுகினால் கியர்பாக்சை இறக்க வேண்டும். பிரேக்குக்கும் ஒரே டப்பாவாக இருந்து, வேலையின்போது அது காலியாகிவிட்டால் பிரேக்கிலும் காற்றுப் புகுந்திருக்கலாம். பிரேக்கைச் சரிபார்க்காமல் வண்டியைச் சாலைக்கு எடுக்கக் கூடாது.

எச்சரிக்கை

பிரேக் ஆயில் நஞ்சு. குடிநீர், குளிர்பானப் பாட்டில்களில் ஊற்றி வைத்தால் குழந்தைகள் குடித்துவிடக் கூடும். கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரால் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். வண்டியின் பெயின்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். இல்லையேல் பெயின்ட் உரிந்துவிடும்.

பழைய ஆயிலைக் களை மீதோ, வாய்க்காலிலோ, கிணற்றோரத்திலோ கொட்டக் கூடாது. மூடியுள்ள தகர டப்பாவில் சேர்த்து, கழிவு எண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் கொடுக்கலாம். வடித்தெடுத்த ஆயிலையும், திறந்த டப்பாவில் மீந்ததையும் அடுத்த முறைக்கு என்று வைத்திருக்கக் கூடாது.

மாற்றிய தேதியை ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் அருகில் ஒட்டி வைத்தால் அடுத்த முறை மறக்காது. அறுவடைக் காலத்துக்கு முன்பே இந்த வேலையை முடித்துக்கொள்ளும் விவசாயிக்கு, சரக்கேற்றிய நாளில் வழியில் நிற்கும் கவலை குறையும்.