வலியைச் சொல்லவும் தாய்மொழி வேண்டும்

முதியோர் இல்லத்தில் பெற்றோரைச் சேர்க்க நேரும்போது, "அங்கே கடைசிக் காலம் எப்படிக் கழியுமோ?" என்ற கவலை, ஊர்விட்டு வந்து வாழும் நம் குடும்பங்களை வாட்டுகிறது. ரயில்வேயில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்று, சக்குபள்ளத்தில் ஏலத் தோட்டங்களுக்கு நடுவே குடியிருக்கும் எனக்கும் அக்கவலை உண்டு. ஆகவே, இதுபற்றி டாக்டர்கள் கூறுவதை இங்கே சுருக்கித் தருகிறேன்.

நோயைக் குணப்படுத்த முடியாவிட்டாலும் வேதனையைக் குறைக்க முடியும் என்பதே வலி நிவாரண மருத்துவத்தின் அடிப்படை. லண்டனில் 1967-ல் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் தொடங்கிய டாக்டர் சிசிலி சாண்டர்ஸ், உடல் நோவோடு மனக்கவலை, குடும்பக் கவலை, ஆன்மிகத் தவிப்பு ஆகியவற்றையும் சேர்த்தே 'முழு வலி' என்றார். கேரளத்தில் 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் ஆகியோர் இப்பணியை ஆரம்பித்தனர். 2008-ல் மாநில அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. இன்று பஞ்சாயத்துதோறும் நர்ஸ் வீடு தேடி வருகிறார்.

மார்பின் என்றாலே பலருக்குப் பயம். அளவறிந்து கொடுத்தால் அது ஆயுளைக் குறைப்பதில்லை என்கிறார்கள் டாக்டர்கள். சாதாரண மார்பின் மாத்திரையை, வலி திரும்பும்வரை காத்திராமல் 4 மணிக்கொரு முறை கொடுக்க வேண்டும். மலச்சிக்கலுக்கும் கூடவே மருந்து வேண்டும். விபத்து நடந்தபின் ஓடுவதைவிட, கீமேன் தினமும் தண்டவாளத்தை நடந்து பார்ப்பதே மேல் அல்லவா? 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தால் இம்மருந்து கிடைப்பது அரிதாயிற்று. 2014-ல் வந்த திருத்தம் அக்கெடுபிடியைத் தளர்த்தியது.

முக்கியமான ஒன்று மொழி. மறதி நோய் முற்றிய பெரியவர்கள் பிற்காலத்தில் கற்ற மொழியை இழந்து, தாய்மொழிக்கே திரும்புவதுண்டு. குடைச்சல், கடுப்பு, எரிச்சல், சுருக்கென்று குத்துவது என நாம் வலியைப் பிரித்துச் சொல்கிறோம். எரிச்சலும் 'ஷாக்' அடித்தாற்போன்ற வலியும் நரம்பைக் குறிக்கலாம். அதற்கு மருந்தே வேறு. மலையாளமோ ஆங்கிலமோ மட்டும் அறிந்த நர்ஸுக்கு இது எப்படி விளங்கும்? இச்சொற்களை இரு மொழியிலும் ஓர் அட்டையில் எழுதிக் கட்டிலருகே மாட்டுங்கள். பேச்சே நின்றவருக்கு முகச்சுளிப்பும் முனகலுமே மொழி. அவற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள்.

சேர்க்கும் முன் இல்லத்தாரிடம் கேளுங்கள்: இரவில் வலி வந்தால் மருந்து கொடுப்பவர் யார்? படுக்கைப்புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பார்களா? வாய் உலராமல் துடைப்பார்களா? பஞ்சாயத்து நர்ஸை உள்ளே அனுமதிப்பார்களா? வெண்டிலேட்டர் வேண்டுமா, வேண்டாமா என்பதைப் பெற்றோர் தெளிவாக இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் இதற்கு அங்கீகாரம் அளித்துள்ளது. 2023-ல் நடைமுறையையும் எளிதாக்கியது.

பணம் அனுப்புவதோடு நம் கடமை முடிந்துவிடுவதில்லை. அடுத்த முறை போன் பேசும்போது, "சாப்பிட்டீர்களா?" என்பதோடு "வலி எப்படி இருக்கிறது?" என்றும் கேளுங்கள்.